அஜீமாபாத் எந்த ஜில்லாவில் இருக்கிறது?

பாட்னா சிட்டி கிளையில் சேர்ந்த மூன்றாவது வாரமே ஒரு வீட்டுக்கடன் ஃபைலைத் திருப்பி அனுப்பி, கிளை முழுக்கச் சிரிக்கும்படி செய்தேன். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மாடி கட்டக் கடன் கேட்டிருந்தார். சம்பளச் சான்று சரி, எஸ்டிமேட் சரி. பத்திரத்தில் மட்டும் சொத்து விவரத்தில் ‘பர்கனா அஜீமாபாத்’ என்று இருந்தது. பர்கனா என்றால் பழைய வருவாய்ப் பிரிவு. மேப்பில் தேடினேன், அப்படி ஒரு ஊரே இல்லை. ‘சொத்து அஜீமாபாத்தில் உள்ளது. நம் கிளையின் எல்லைக்கு வெளியே இருப்பதால் அந்த ஊர்க் கிளையை அணுகவும்’ என்று பச்சை மையில் எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

மறுநாள் பேனல் வக்கீல், அதாவது எங்கள் பாங்குக்குப் பத்திரம் பார்த்துச் சொல்பவர், நேரில் வந்தார். அறுபதைத் தாண்டியவர், எந்நேரமும் வாயில் வெற்றிலை. என் எதிரே உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தார். பச்சை மையை ஒருமுறை படித்தார். பிறகு எங்கள் தஃப்தரியை, ஃபைல் எடுத்துக் கொடுக்கும் கடைநிலை ஊழியரை, கூப்பிட்டு, “சாச்சா, மதராசி சாஹபுக்கு ஒரு டீ கொண்டு வாருங்கள். பாவம், அஜீமாபாத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் நாற்காலி போட்டிருப்பதே அங்கேதான்” என்றார்.

அது 2006. கிளார்க்காகவே பதினாறு வருஷம் ஓட்டிவிட்டு ஆபீசர் பரீட்சை எழுதினேன். பாஸ் செய்தால் வடக்கே தூக்கியடிப்பார்கள் என்பது எங்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆர்டரில் பாட்னா என்று பார்த்ததும் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்வெட்டர் வாங்கப் போனாள். சென்னையில் சங்கமித்ரா எக்ஸ்பிரஸ் ஏறினேன். அசோகனின் மகள் பெயரில் ஓடும் ரயில் அசோகனின் தலைநகரத்துக்கே கொண்டுபோய் விடுகிறது என்பது இரண்டு இரவு மேல் பெர்த்தில் படுத்துக் கிடந்தும் எனக்கு உறைக்கவில்லை. இறங்கியதும் கண்ணில் பட்டது சைக்கிள் ரிக்‌ஷாக் கூட்டம், காதில் விழுந்தது ஜெனரேட்டர் சத்தம்.

வக்கீல் சாஹப் அன்று எனக்கு நடத்திய பாடம் இதுதான். ஔரங்கசீப்பின் பேரன் அஜீம்-உஷ்-ஷான் இங்கே சுபேதாராக, அதாவது மாகாண ஆளுநராக இருந்தார். 1704இல் தாத்தாவிடம் அனுமதி வாங்கித் தன் பெயரையே ஊருக்கு வைத்தார். இளவரசர் போனார், முகலாயர்கள் போனார்கள், கம்பெனியும் போனது. தெருவில் இன்று ஒருவரும் அஜீமாபாத் என்று சொல்வதில்லை. ஷாத் அஜீமாபாதி என்று 1927 வரை வாழ்ந்த உருதுக் கவிஞரின் புனைபெயரில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை விட்டால் ரிஜிஸ்டர் ஆபீசில். பர்கனா, மௌஜா, தானா நம்பர், தௌஜி நம்பர், கேஸ்ரா என்று அடுக்கிப் போகும் சொத்து விவரத்தில் அந்த இளவரசர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். அவரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினால் பத்திரம் செல்லாது. அவர் பேரில் எந்தக் கோட்டையும் இவ்வளவு உறுதியாக நிற்கவில்லை.

அதற்குப் பிறகு பத்திரங்களை நான் படித்த விதமே மாறிவிட்டது. நம் பக்கத்துக் கிரயப் பத்திரத்துக்கு அங்கே ‘கேவாலா’. பட்டா மாற்றம் ‘தாக்கில்-காரிஜ்’. நிலத்தைக் கட்டா, தூர் என்று அளப்பார்கள். இருபது தூர் ஒரு கட்டா, ஒரு கட்டா நம் கணக்கில் மூன்று சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். மிகப் பழைய பத்திரங்கள் ‘கைதி’ எழுத்தில் இருந்தன. முதல் தடவை கேட்டபோது ஜெயிலில் எழுதியதோ என்று நினைத்தேன். காயஸ்தர்கள் கணக்கெழுதப் பயன்படுத்திய எழுத்தாம், அதனால் அந்தப் பெயர். இப்போது அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. கோர்ட் வாசலில் ஒரு வயதான முன்ஷி இருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு, ஒரு வரி படித்து ஒரு வரி இந்தியில் சொல்வார். லட்சக்கணக்கில் கடன் கொடுப்பதும் மறுப்பதும் அந்தக் கிழவரின் கண் பார்வையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஹெட் ஆபீசுக்கு இதைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள்.

கவுண்ட்டரில் இன்னொரு கூத்து. ஒரே ஊரில் இருந்துகொண்டு விண்ணப்பங்களில் ஆளுக்கொரு ஊர் எழுதுவார்கள். மாரூஃப்கஞ்ச் மண்டி வியாபாரிகளுக்கு அது ‘பாட்னா சிட்டி’. மேற்கே வெள்ளைக்காரர்கள் குடியிருந்த பக்கத்திலிருந்து வரும் பெரியவர்களுக்கு ‘பாங்கிப்பூர்’. பாட்னா ஜங்ஷனுக்கே ஒரு காலத்தில் அந்தப் பெயர்தான். ஜனவரியில் பஞ்சாபிலிருந்து கூட்டம் கூட்டமாக வரும் சீக்கியர்கள் ‘பாட்னா சாஹிப்’ என்றுதான் எழுதுவார்கள். குரு கோவிந்த் சிங் 1666இல் பிறந்த ஊர். ஆளுக்குச் சாஹப் போடுவது சகஜம். ஊருக்கே சாஹிப் போட்டு மரியாதை செய்வதை அங்கேதான் பார்த்தேன். சாஹிப் இல்லாமல் வெறும் பாட்னா என்று ஒரு சர்தார்ஜியின் டிராஃப்டில் நான் எழுதப்போக, அவர் கோபிக்கவில்லை. பேனாவை வாங்கித் தானே சேர்த்து எழுதிவிட்டுக் கொடுத்தார். திருத்தத்துக்கு நான் இனிஷியல் போட வேண்டியிருந்தது.

பாட்னா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் அந்த ஊர்க்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. படன் தேவி கோயிலால் வந்தது என்பார் சாச்சா. துறைமுகத்தைக் குறிக்கும் ‘பட்டன்’ என்ற சொல்தான் என்பார் வக்கீல். எனக்கு வக்கீல் கட்சிதான் பிடித்தது. நாகப்பட்டினமும் காவிரிப்பூம்பட்டினமும் தெரிந்தவனுக்கு, கங்கைக்கரையில் படகுகள் வந்து அடையும் ஒரு பட்டினம் அந்நியமாகத் தோன்றவில்லை. தேய்ந்து கிடந்த ஊரைக் கவனித்து 1541 வாக்கில் கோட்டை கட்டி மறுபடி எழுப்பியவர் ஷேர் ஷா.

அதற்கு முந்தைய பெயரான பாடலிபுத்திரத்தைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கும்ஹ்ரார் என்ற இடம். மௌரியர்களின் 80 தூண் மண்டபம். ரத்தன் டாடா கொடுத்த பணத்தில் 1912-13இல் தொல்லியல் துறையின் ஸ்பூனர் தோண்டிக் கண்டுபிடித்தது. (அவர் ஜாம்ஷெட்ஜியின் மகன் ரத்தன் டாடா, நம் காலத்தவர் அல்ல.) பெரிதாக எதிர்பார்த்துப் போனால், புல்வெளி. குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஜோடிகள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நிலத்தடி நீர் ஏறி ஏறிப் பாழாக்குகிறது என்று தோண்டிய இடத்தை மறுபடி மண் போட்டு மூடிவிட்டார்களாம். கம்பிவேலிக்குள் ஒரே ஒரு மணற்கல் தூண் படுத்திருந்தது. இரண்டாயிரத்து முந்நூறு வருஷம் கழித்தும் அதன் மேல் பளபளப்பு போகவில்லை.

பாடலிகிராமம் என்ற குடியானவர் ஊராக இது இருந்தபோது, மகத மன்னன் அஜாதசத்துருவின் அமைச்சர்கள் கங்கைக்கு வடக்கே இருந்த வஜ்ஜிகளைத் தடுக்க இங்கே கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பயணத்தில் இந்த வழியே வந்த புத்தர், இது பெரிய நகரமாகும் என்றாராம். நெருப்பு, நீர், உட்பகை மூன்றாலும் ஆபத்து என்றும் சொன்னாராம். பின்னால் எழுதிச் சேர்த்ததோ என்னவோ, கும்ஹ்ராரில் நின்று பார்க்கும்போது அதை ரிஸ்க் அசெஸ்மென்ட் என்றே நினைக்கத் தோன்றியது. தோண்டியவர்கள் சாம்பலைப் பார்த்தார்கள். மூடியவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள். மூன்றாவதைப் பற்றி நான் பேச வேண்டியதில்லை, எங்கள் கிளையில் இரண்டு யூனியன் இருந்தது.

கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் ஊரைப் ‘பாலிபோத்ரா’ என்று எழுதினார். ஆற்றோரமாக 80 ஸ்டேடியம் (கிரேக்க நீள அளவு) நீளம், அதாவது ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டர்; மரத்தாலான மதில், 570 கோபுரங்கள், 64 வாசல்கள். அந்தப் பாலிபோத்ரா எது என்று ஐரோப்பியர்கள் வெகுகாலம் குழம்பினார்கள். கங்கையோடு ‘எரன்னபோவாஸ்’ என்ற ஆறு சேரும் இடம் என்று குறிப்பு. பாட்னாவிலோ அப்படி எந்த ஆறும் சேரவில்லை. சோன் ஆறு ஒரு காலத்தில் பாட்னாவை ஒட்டி ஓடி, பிறகு மேற்கே விலகிப் போய்விட்டது என்று தெரிந்தது. சோனுக்கு ஹிரண்யபாகு என்ற பெயரும் உண்டு, அதுதான் கிரேக்க வாயில் எரன்னபோவாஸ் ஆயிற்று என்று பிடித்தவர் வில்லியம் ஜோன்ஸ். 1793இல் அதை அறிவித்தார். அந்த முடிச்சோடு, கிரேக்கர்கள் எழுதிய சாண்ட்ரகோட்டஸ் என்ற அரசர் மௌரியச் சந்திரகுப்தர் என்பதும் உறுதியானது. இந்திய வரலாற்றின் தேதிக் கணக்கு பெரும்பாலும் அந்த ஒரு முடிச்சில்தான் நிற்கிறது. பெயரை ஒத்துப் பார்ப்பதே பிழைப்பாக இருந்தவன் நான். அவருக்கு ஒரு வணக்கம்.

சோன் என்றதும் எனக்குக் குறுந்தொகை வந்தது. காலேஜில் மனப்பாடம் செய்தது, மண்டையில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. ‘வெண்கோட்டு யானை சோணை படியும் பொன்மலி பாடலி பெறீஇயர்.’ படுமரத்து மோசிகீரனார் பாட்டு. காதலன் திரும்பி வருகிறான் என்று செய்தி கொண்டுவந்தவனிடம், ‘நீ கண்டாயா, கண்டவர் சொல்லக் கேட்டாயா?’ என்று விசாரிக்கிறாள் தலைவி. சேதி மெய்யாக இருந்தால் யானைகள் சோணையில் குளிக்கும், பொன் நிறைந்த பாடலி நகரமே உனக்குக் கிடைக்கட்டும் என்கிறாள். சைட் இன்ஸ்பெக்‌ஷன் போகாமலே ரிப்போர்ட் எழுதும் ஜூனியர்களிடம் நான் வாரம் ஒருமுறை கேட்ட கேள்வியை அவள் எப்போதோ கேட்டிருக்கிறாள். ஆறு விலகிப் போய்விட்டது, பாட்டில் யானை இன்னும் அதே ஆற்றில்தான் குளிக்கிறது. அகநானூற்றில் மாமூலனார் இன்னும் ஒரு படி மேல். நந்தர்கள் பாடலியில் சேர்த்த செல்வத்தைக் கங்கை நீருக்கடியில் ஒளித்த கதை அவருக்குத் தெரிந்திருக்கிறது. லாக்கர் சாவியோடு கங்கைக்கரையில் நின்ற எனக்கு, அந்த நிதி எந்தப் படித்துறைக்குக் கீழே என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இதை வக்கீல் சாஹபிடம் அரைகுறை இந்தியில் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அந்தச் சூட்டோடு, “எங்கள் ஊருக்கும் பாடலிபுத்திரம் என்றுதான் பழைய பெயர்” என்றேன். வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு, “தஸ்தாவேஜ் இருக்கிறதா?” என்றார்.

நான் கடலூர்க்காரன். ஓ.டி. (பழைய நகரம்) இல்லை, என்.டி. (புதுநகரம்) பக்கம், திருப்பாதிரிப்புலியூர். அவ்வளவு நீளம் யாருக்கும் வாயில் வராது, திருப்பாப்புலியூர் என்போம். பாதிரி மரம்தான் வடமொழியில் பாடலி. கோயிலில் தலமரம் அது, சுவாமி பெயர் பாடலீஸ்வரர். அப்பர் சமணராகித் தருமசேனர் என்ற பெயரோடு இருந்த பள்ளி எங்கள் ஊர்ப் பாடலிபுத்திரத்தில்தான் இருந்தது. கல்லில் கட்டிக் கடலில் போட்ட பிறகு அவர் கரையேறியதும் இங்கேதான் என்பது சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. புராணம் வக்கீலுக்குப் போதாது என்று தெரியும். அதனால் தேதி போட்ட சாட்சியையும் வைத்தேன். லோகவிபாகம் என்ற சமண நூல், பாடலிகை என்ற ஊரில் சர்வநந்தி செய்து முடித்தது. காஞ்சி சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு, சக வருஷம் 380, அதாவது கி.பி. 458. அந்தப் பாடலிகை எங்கள் ஊர்தான் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

“458இல் இங்கே குப்தர்கள்” என்றார் விரலை மடக்கி. “மரமும் ஒன்றே, பெயரும் ஒன்றே. ஆனால் இங்கிருந்து அங்கே போனதா, இரண்டு ஊரும் மரத்தைப் பார்த்துத் தனித்தனியாக வைத்துக்கொண்டதா? இரண்டையும் இணைக்கும் லிங்க் டாக்குமென்ட் எங்கே?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாடலிபுத்திரத்தில் ஒரு பாடலி மரத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று மூன்று வருஷம் கண்ணில் பட்ட தோட்டம் எல்லாம் நுழைந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. குசுமபுரம், புஷ்பபுரம் என்று பூவின் பெயரால் அழைக்கப்பட்ட ஊர், ஆரியபட்டர் தம் நூலில் குறிப்பிட்ட ஊர். நான் பார்த்த பூ பெரும்பாலும் படன் தேவி கோயில் வாசலில் விற்ற செவ்வந்தி.

2009 தேர்தலில் எனக்கு மைக்ரோ அப்சர்வர் டியூட்டி, அதாவது வாக்குச்சாவடியைக் கண்காணிக்கும் வேலை, போட்டார்கள். ஆர்டரைப் பிரித்தால் ‘பாடலிபுத்திரம் நாடாளுமன்றத் தொகுதி’. தொகுதி மறுவரையறையில் பழைய பாட்னா தொகுதியை உடைத்து, ஒன்றுக்குப் பாட்னா சாஹிப் என்றும் ஒன்றுக்குப் பாடலிபுத்திரம் என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். இத்தனை நூற்றாண்டு கழித்து அந்தப் பெயர் மறுபடி சர்க்கார் முத்திரையோடு வந்து என் கையில் விழுந்தது, அதுவும் பூத் எண்ணும் டிஃபன் படி விவரமும் சேர்த்து.

அந்த வருஷக் கடைசியில் டிரான்ஸ்ஃபர் வந்தது. ரிலீவ் ஆகும் நாளில் வக்கீல் சாஹப் ஒரு கவர் கொடுத்தார். உள்ளே அவருடைய லெட்டர்ஹெட்டில் முறையான லீகல் ஒப்பீனியன். சொத்து: பாடலிபுத்திரம் என்ற பெயர். உரிமை கோருபவர்: கடலூர் மதராசி சாஹப். மூலப்பத்திரம்: ஒரு மரம். லிங்க் டாக்குமென்ட்: இல்லை. அனுபவம்: தடையில்லாமல் தொடர்கிறது, ஆட்சேபணை யாரும் செய்யவில்லை. முடிவு: ஏற்கலாம். அடியில் ஃபீஸ் பில்லும் இருந்தது. தொகை எழுத வேண்டிய இடத்தில் ‘ஃபில்டர் காபித் தூள், ஒரு கிலோ, சிக்கரி இல்லாமல்’ என்று போட்டிருந்தார்.