யார் வந்தார் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒரு குறுக்கு வீதியில், அடுக்குமாடி ஒன்றின் இரண்டாம் மாடியில் என் அறை இருக்கிறது. உளவளத்துணைக்காக வருகிறவர் மேலே ஏறுவதற்கு முன் காவலாளியின் மேசையைக் கடக்க வேண்டும். அங்கே நீளக் கொப்பி ஒன்று எப்போதும் திறந்தபடி கிடக்கும். பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், எந்த வீடு, என்ன விஷயம், வந்த நேரம், போன நேரம். எழுதக் குனிகிற ஒவ்வொருவருக்கும் தனக்கு முன் வந்தவர்களின் விபரம் முழுக்கக் கண்ணில் படும். வெள்ளவத்தையில் அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்தாலே இன்னாருடைய மகள், இன்னாருடைய மருமகன் என்று கண்டுபிடித்துவிடக்கூடியவர்கள் எத்தனையோ பேர்.

அறை எடுத்த புதிதில் நான் முதலில் மல்லுக்கட்டியது இந்தக் கொப்பியோடுதான். முகாமைக் குழுக் கூட்டத்தில் ஒரு ஐயா, "பாதுகாப்புக்குத்தானே தங்கச்சி, இதில மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்டார். "நாளைக்கு உங்கட வீட்டு ஆள் ஒருத்தர் என்னட்ட வர நினைச்சா, இந்தக் கொப்பியைக் கண்டு திரும்பிப் போகக்கூடாது ஐயா" என்றேன். இப்போது என்னிடம் வருகிறவர்கள் ஒன்றும் எழுதுவதில்லை. காவலாளி இண்டர்கொமில் என்னைக் கேட்பார், நான் சரி என்றால் விடுவார். ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்கிடையில் போதிய இடைவெளி விடுகிறேன், படிக்கட்டில் ஆளை ஆள் சந்திக்கக்கூடாது.

இது அளவுக்கு மீறிய கவனம் என்று நினைப்பவர்கள் நம் ஆட்களின் அனுபவத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வீடுகளைத் தேடி வந்தார்கள். யுத்த காலத்தில் வீட்டில் இருப்பவர்களின் விபரத்தை எழுதிப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூனில் லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்களை விடியமுன் பஸ்ஸில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. தற்கொலைக்கு முயல்வது 1998 வரை இந்த நாட்டில் குற்றம். இத்தனையையும் கண்ட ஒரு தலைமுறை, "உங்கட பெயர்?" என்று நான் பேனாவை எடுத்தவுடனேயே சுருங்கிப்போவது எனக்கு நன்றாக விளங்குகிறது. இளையவர்களுக்குப் பயம் வேறு. கலியாணப் பேச்சு நடக்கிற நேரம் தரகரின் காதுக்கு ஒரு சொல் போனால் போதும். மனநல ஆஸ்பத்திரி இருக்கிற "அங்கொடை" என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிற சமூகம் இது.

வெளிநாட்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், எங்கள் துறையில் இருப்பவர்கள் அதை மறக்கவே கூடாது. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற தனியார் உளச்சிகிச்சை நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களின் அமர்வுக் குறிப்புகளைக் கணினியில் வைத்திருந்தது. அந்தத் தரவுத்தளம் சரியான கடவுச்சொல்கூட இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்தது. திருடியவன் முதலில் நிறுவனத்திடம் பணம் கேட்டான். கிடைக்காததால் 2020 ஒக்டோபரில் சிகிச்சை பெற்றவர்களுக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினான்: 200 யூரோ பெறுமதியான பிட்கொயின் கொடு, இல்லாவிட்டால் உன் குறிப்புகளை எல்லாரும் வாசிப்பார்கள். நிறுவனம் அடுத்த வருடமே வங்குரோத்தானது. 2024 ஏப்ரலில் நீதிமன்றம் குற்றவாளிக்கு 6 வருடம் 3 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. வெளியே போன குறிப்புகளைத் திருப்பி எடுக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியவில்லை.

அதனால் நான் குறைவாக எழுதுகிறேன். வந்த திகதி, எதில் வேலை செய்தோம், அடுத்த தடவை எதைத் தொடர வேண்டும், உயிருக்கு ஆபத்தான பேச்சு ஏதும் வந்ததா, வந்தால் நான் என்ன செய்தேன். இவ்வளவுதான். மாமியாரின் பெயர், வேலைத்தல முதலாளியின் பெயர், யாரோடு உறவு என்ற விபரம், இவை சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் என் நினைவில் இருக்கும், தாளில் இராது. கொப்பியில் பெயருக்குப் பதிலாக ஒரு குறியீடு. எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் வேறொரு பூட்டுக்குள். இரண்டின் திறப்புகளும் ஒரே வளையத்தில் தொங்குவதில்லை.

போன்தான் மோசமான ஓட்டை. நம்பரை "சுமதி, டிப்ரெஷன்" என்று சேமிக்கிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்தப் பெயர்ப்பட்டியலை முழுதாகத் தன் சேர்வருக்கு எடுத்துக்கொள்ளும் செயலி ஒன்றைத் தெரியாமல் நிறுவிவிட்டால், அந்தச் சொல் எங்கெல்லாம் போகும் என்று யாருக்கும் தெரியாது. இந்த வேலைக்கென்று தனிப் போன் வைத்திருக்கிறேன், பெயர்கள் எல்லாம் குறியீடுகள், வட்ஸ்அப்பில் நேரம் குறிப்பதைத் தவிர வேறொன்றும் கதைப்பதில்லை. இரவில் நீளமான வொய்ஸ் மெசேஜ் வந்தால், "நேரில் கதைப்போம், இதை உங்கள் போனிலிருந்தும் அழித்துவிடுங்கள்" என்று பதில் போடுவேன். கணவனும் மனைவியும் ஒரே கணக்கு வைத்திருக்கிற வீடுகள் இருப்பதால், வங்கியில் பணம் போடும்போது விபரம் என்ற இடத்தில் எதையும் எழுத வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அலுவலகக் காப்புறுதிக்குப் பற்றுச்சீட்டுக் கேட்பவர்களிடம், அதை அங்கே யார் யார் வாசிப்பார்கள் என்று விசாரித்துவிட்டு வரச் சொல்வேன்.

பிறகு பழைய தாள். காலிமுகத்திடலில் கடலை வாங்கியிருப்பீர்கள். சுருளைப் பிரித்துப் பார்த்தால் யாரோ ஒரு பிள்ளையின் சோதனைத் தாள், ஏதோ கந்தோரின் பெயர்ப்பட்டியல், சில நேரம் அடையாள அட்டை இலக்கத்தோடு ஒரு விண்ணப்பப் படிவம். கடலை விற்கிறவரில் பிழை இல்லை. பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துப் போட்ட கந்தோர்தான் பொறுப்பு. என் அறையிலிருந்து ஒரு தாளும் முழுதாக வெளியே போவதில்லை. நீள நீளமாகக் கிழிக்கும் மெஷின் போதாது, பொறுமையுள்ளவர் ஒட்டிவிடலாம். பொடிப்பொடியாக வெட்டுகிற மெஷின் வேண்டும்.

அம்மாக்கள் போன் எடுப்பார்கள். "மிஸ், என்ர மகள் உங்களிட்ட வாறவள்தானே? நான் தாய், எனக்குச் சொல்லலாம்தானே?" அந்தக் குரலில் இருக்கிற தவிப்பு உண்மையானது, எனக்கும் கஷ்டமாக இருக்கும். "அம்மா, யார் வருகினம், யார் வரேல்லை எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. நாளைக்கு நீங்கள் வந்தாலும் உங்கட மகளுக்குச் சொல்லமாட்டன்." வராத ஒருவரைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான். வராதவரை "இல்லை" என்றும் வருகிறவரை "சொல்லமாட்டேன்" என்றும் சொன்னால் அந்த வித்தியாசமே விடையாகிவிடும்.

இந்த வலைப்பதிவில் என்னிடம் வருகிறவர்களின் கதை எதையும் நான் எழுதாததற்கும் காரணம் இதுவே. பெயரை மாற்றினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். நம் ஊரில் அது போதாது.

எல்லை உண்டு, அதை முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு உயிர் ஆபத்தில் இருந்தால், ஒரு பிள்ளை துன்புறுத்தப்பட்டால், நான் வாய் மூடி இருக்கமாட்டேன். நீதிமன்றம் கேட்டால் நிலைமை சிக்கல்: சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்கு எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டம் தரும் பாதுகாப்பு எங்களுக்கு இல்லை. குறைவாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விபரங்களை விசேட வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது, மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கலாம் என்கிறது. தன்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கும் உரிமையையும் தருகிறது. அதன் நடைமுறைத் திகதிகள் தள்ளிப் போய்க்கொண்டிருந்தாலும் நான் காத்திருக்கவில்லை. கேட்கிறவருக்குக் கொப்பியைத் திருப்பி வைத்து, பக்கத்தில் இருந்து வாசிக்கவிடுகிறேன்.

நான் திடீரென்று இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசித்திருக்கிறேன். என் வீட்டார் அந்த அலுமாரியைத் திறக்கக்கூடாது, அன்பினால்கூடத் திறக்கக்கூடாது. இதே வேலை செய்கிற ஒரு அக்கா பம்பலப்பிட்டியில் இருக்கிறா. திறப்பு எங்கே, யாருக்கு அறிவிக்க வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வைத்து அவவிடம் கொடுத்திருக்கிறேன். அவவின் அலுமாரிக்கு நான் பொறுப்பு.