ஸ்க்ரீன்ஷாட்டில் நக்கல் தெரியாது

செய்தி சரிபார்க்கும் மேசைக்கு வருபவற்றில் பச்சைப் பொய்யைக்கூடச் சமாளித்துவிடலாம். எழுதியவர் வெறியரா, வெறியரைக் கலாய்ப்பவரா என்று பிடிபடாத பதிவுதான் நேரத்தைத் தின்னும். 2005இல், உயிர்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்னும் படைப்புவாதம் பற்றிய இணைய விவாதம் ஒன்றில் நேதன் போ என்பவர் சொன்னது இன்று 'போ விதி' என்று புழங்குகிறது: சிரிப்புக்குறி மாதிரி ஏதாவது அடையாளம் இல்லாவிட்டால், தீவிரரைப் பகடி செய்வதை யாராவது ஒருவர் நிஜமென்றே நம்புவார்.

புதிதாக வருகிறவர்கள் வாசகத்திலேயே விடை தேடுவார்கள். "இப்படியெல்லாம் நிஜமாகவே எழுதுவார்களா?" என்பார்கள். எழுதுவார்கள். 1702 டிசம்பரில் லண்டனில் பெயரில்லாத துண்டுநூல் ஒன்று வந்தது. அரசுத் திருச்சபையில் சேராத கிறிஸ்தவர்களை நாடு கடத்து, அவர்களின் போதகர்களைத் தூக்கிலிடு என்றது. திருச்சபைத் தீவிரர்கள் சிலர் மெச்சினார்கள், மறுதரப்பு நடுங்கியது. எழுதிய டேனியல் டீஃபோவோ அந்த மறுதரப்பு ஆள். குரலை அச்சு அசலாகப் பிடித்ததுதான் வினை. 1703 ஜூலையில் மூன்று நாள் ஊர் பார்க்கத் தண்டனைக் கட்டையில் நின்றார். (தொண்டைமானின் படைக்கலங்களை ஔவை புகழ்வது வஞ்சப்புகழ்ச்சி என்று நமக்குத் தெரிவதும், அவர் அதியமானின் தூதர் என்று தெரிந்திருப்பதால்தான்.)

அதனால் வாசகத்துக்கு வெளியே போக வேண்டும். முதலில் பதிவை இணையக் காப்பகத்தில் சேமித்துவிட வேண்டும். சர்ச்சை கிளம்பினால் அழித்துவிடுவார்கள். அடுத்து மூலம். வாட்ஸப்பில் சுற்றும் படத்தில் கணக்கின் பெயர், தேதி, 'நையாண்டி' என்ற அறிமுக வரி எல்லாம் வெட்டுப்பட்டிருக்கும். வாசகத்தில் வித்தியாசமான ஒரு தொடரை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடினால் பல நேரம் மூலம் சிக்கும். பிறகு அந்தக் கணக்கின் பழைய பதிவுகளில் குறைந்தது ஐம்பதையாவது படிக்க வேண்டும். பகடிக்காரர் எங்காவது வேஷம் கலைத்திருப்பார். கலைக்காதவரும் உண்டு: பறவைகளெல்லாம் அரசின் உளவு டிரோன்கள் என்று சொல்லும் 'பறவைகள் நிஜமல்ல' இயக்கத்தை 2017இல் தொடங்கிய பீட்டர் மெக்கிண்டோ, 2021 வரை விளையாட்டு என்று ஒப்புக்கொள்ளவில்லை.

மொழி மாறினால் இன்னும் மோசம். 2012இல் 'தி ஆனியன்' என்ற நையாண்டி இதழ் கிம் ஜாங் உன்னை உலகின் கவர்ச்சியான ஆணாக அறிவித்தது. சீனாவின் 'பீப்பிள்ஸ் டெய்லி' இணையதளம் அதை நம்பி 55 படங்களோடு வெளியிட்டது.

வெறியர், பகடிக்காரர் தவிர, வெறியையே ஜோக் மாதிரிப் பரப்பும் மூன்றாவது ரகம்தான் ஆபத்து. 2017இல் கசிந்த, அமெரிக்க நவநாஜித் தளம் ஒன்றின் எழுத்து விதிகள், வெளியாளுக்கு இது ஜோக்கா இல்லையா என்று தெரியவே கூடாது என்கின்றன. இத்தகையதற்கு 'நையாண்டி' முத்திரை குத்தினால் நாமே குடை பிடித்ததாகும். அங்கே நோக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது. பதிவு யாரைக் குறிவைக்கிறது, பின்னூட்டத்தில் கைதட்டுவோர் யார், நன்கொடை எங்கே போகிறது: இவற்றை மட்டும் எழுத வேண்டும்.

தெளிவான பகடி என்றால் "நையாண்டி, உண்மையாகப் பரவுகிறது" என்ற பட்டையைப் படத்தின் நடுவில் குறுக்காகப் போட வேண்டும். மூலையில் போட்டால் அதையும் வெட்டிவிடுவார்கள்.