முடக்குவாதத்துக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை: நான் பட்டது

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற மூட்டு நோய்) என்று உறுதியாகி, அதற்கான மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை ஆரம்பித்து எட்டு மாதம். வீக்கம் பாதி வடிந்துவிட்டது, ஆனால் காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆகும், பாட்டில் மூடியைத் திறக்கவே யாரையாவது கூப்பிட வேண்டும். அந்த மீதிப் பாதியையும் எப்படியாவது விரட்ட வேண்டும் என்ற தவிப்பில்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் பக்கம் போனேன். வீங்கிய மூட்டின் உள்சவ்வில் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற நிலையற்ற மூலக்கூறுகள் பெருகித் திசுவைக் கெடுக்கின்றன, அவற்றை அடக்குவது ஆன்டிஆக்ஸிடன்ட் என்று படித்ததும் வழி கிடைத்துவிட்டது என்றே நம்பினேன்.

ஒரே வாரத்தில் நான்கு டப்பா: வைட்டமின் ஈ, செலினியம் என்ற தாதுச் சத்து, மஞ்சளில் இருக்கும் குர்குமின், அப்புறம் எல்லாம் கலந்த மல்டிவைட்டமின். சத்து மாத்திரைதானே என்று டாக்டரிடம் சொல்லவில்லை. அதுதான் தப்பு.

மூன்றாவது மாதம் சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது, நகங்கள் ஓரத்தில் உடைந்தன. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டால் முடி கொட்டும் என்று தெரியும், அதனால் அதை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டேன். நல்லவேளை, அதற்கு முன் டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு என் மூட்டுநோய் டாக்டரை (ருமட்டாலஜிஸ்ட்) பார்க்கப் போனேன். அவர் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி, பொடி எழுத்தைப் படித்து ஒரு தாளில் கூட்டல் போட்டார். செலினியம் 200 மைக்ரோகிராம், தினம் இரண்டு. மல்டிவைட்டமினில் இன்னொரு 100. மொத்தம் 500. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையே 55 தான், 400-ஐத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. செலினியம் மிஞ்சினாலும் முடி கொட்டும், நகம் உடையும் என்றார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

மற்றவற்றையும் விளக்கினார். வலி மாத்திரையோடு அதிக அளவு வைட்டமின் ஈ சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். குர்குமின் மாத்திரையால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட்டும் கல்லீரலைப் பாதிக்கக் கூடியது என்பதால், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறினால் எதனால் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பலன் உண்டா என்று கேட்டேன். வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில் வலி குறைந்தது, ஆனால் அழற்சி அப்படியே இருந்தது, மூட்டு எலும்பு அரிக்கப்பட்டுச் சேதமாவதை இவை நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை என்றார்.

சரி, எல்லாவற்றையும் நிறுத்தினோம். மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்துக்கு 15 மில்லிகிராமிலிருந்து 20 ஆக்கினார் (வாரத்துக்கு ஒரே நாள், தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து), ஃபோலிக் ஆசிட் தொடர்ந்தது. காலை இறுக்கம் எத்தனை நிமிடம் என்று தினமும் நோட்டில் குறித்தேன்: 60, 55, 60, பிறகு மெல்ல மெல்ல 20. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவும் இறங்கியது. முடி கொட்டுவது நிற்கச் சில மாதம் ஆனது, உடைந்த நகம் முழுதாக வளர்ந்து வெளியேற அதைவிட அதிகம்.

இப்போது அவரிடம் சொல்லிவிட்டு மீன் எண்ணெய் மட்டும் எடுக்கிறேன். மூன்று மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார், இது இரண்டாவது மாதம், நோட்டில் இன்று காலை 20.