கயிறு இறங்கும் பால்கனி

நாலாவது மாடியிலேர்ந்து அத்தை கயிறு விட்டாங்க. நுனியில கிளிப், கிளிப்புல நோட்டு. கீரைக்காரம்மா நோட்டை உருவிட்டுப் பையை மாட்டிவிட்டாங்க.

லிஃப்ட் இல்லாத ரங்கூன் மாடிகள்ல முட்டிவலிக்காரங்களுக்கு இது பெரிய உபகாரம்.

ஆனா நடக்காமலே இருந்தா தொடைத்தசை இளைச்சு வலி கூடும். நாற்காலியில உக்காந்து காலை நேரா நீட்டி 5 எண்ணணும், காலுக்கு 10 தடவை.

"தைலம் போதாதாடா?"

தைலமும் வெந்நீர் ஒத்தடமும் அந்த நேரத்து சுகந்தான், அத்தை.

படியேற நல்ல கால் முன்னாடி, இறங்க வலிக்கிற கால் முன்னாடி. கைப்பிடியை விடாதீங்க. முட்டி சிவந்து வீங்கிச் சுட்டா டாக்டர்தான்.

1 கிலோ எடை குறைஞ்சா, ஒவ்வொரு அடிக்கும் முட்டிமேல விழுற பாரம் சுமார் 4 கிலோ குறையும்னேன்.

அது மட்டும் அத்தை காதுல விழலை.