ஊரணி சென்சார்: டெவலப்பர் நண்பர்கள் ஒருமுறை பாருங்கள்

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஊரணியில் நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிச் சில்லு, ஒலியை அனுப்பி அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், அளவைத் தொலைவுக்கு அனுப்பும் லோரா ரேடியோ. அவ்வளவுதான்.

மதியம் ஒரு அளவு காட்டுகிறது, விடியற்காலை வேறு அளவு. "நேத்து நனைஞ்ச அதே படிதானே தம்பி இன்னைக்கும் நனைஞ்சிருக்கு, தண்ணி ஏறிருச்சுன்னு பெட்டி ஏன் சொல்லுது?" என்று படித்துறையில் ஆச்சி கேட்டார்கள். சரியான கேள்வி. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். எதிரொலி சீக்கிரம் திரும்பிவிடும், தண்ணீர் கிட்டே வந்துவிட்டதாகக் கருவி கணக்குப் போடும். வெப்பநிலை சென்சாரும் சேர்த்தேன். அது பெட்டிக்குள் இருப்பதால் பெட்டியின் சூட்டைத்தான் அளக்கிறது.

வெளியே நிழலில் எப்படி வைப்பது? புரோகிராம் கோடை (code) அனுப்புகிறேன், இன்பாக்ஸுக்கு வாருங்கள். பாராட்டு அப்புறம், முதலில் குறை சொல்லுங்கள். மழைக்கு முன் சரிசெய்ய வேண்டும்.