கழுத்து

ஜூலை 19
கழுத்தில் கோடு எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன்.

ஜூலை 20
இரவு முழுக்கத் தூக்கமில்லை. விடிந்ததும் அத்தை மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்து அவரைக் கட்டச் சொன்னார்கள். "கழுத்து வெறுமையா இருக்கக் கூடாது கண்ணு." பட்டறையில் கொலுசு பற்றவைக்கிற கை, முடிச்சுப் போடும்போது நடுங்கியது. அறுத்துக்கொண்டு போனது ஐந்து பவுன் தாலிச் சங்கிலி. அப்பா சீட்டு எடுத்துப் போட்டது.

ஜூலை 22
ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம். புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். "இருட்டினப்புறம் தனியா எதுக்கும்மா போனீங்க?" பால் வாங்கத்தான் போனேன். பக்கத்து வீட்டு அக்காவும் இதையேதான் கேட்டார்கள். ஆத்தூரிலிருந்து நாத்தனார் போனில், "முந்தானையை இழுத்துப் போர்த்தியிருக்கலாம்ல அண்ணி?" என்றாள். வண்டியில் வந்த இரண்டு பேரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முக்கு விளக்கு மூன்று வாரமாக எரியாததைப் பற்றியும்தான்.

போர்த்தியிருக்கலாமோ?

ஜூலை 25
வண்டிச் சத்தம் கேட்டால் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. அவருக்குச் செவ்வாய்பேட்டைப் பட்டறைக்குச் சோறு கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். பாப்பாவின் டியூஷனையும். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் பின்னால் யாராவது நிற்பார்களே.

ஜூலை 28
மூன்று நடைக்கு அப்புறம் எஃப்.ஐ.ஆர். நகல் கிடைத்தது. புகார் கொடுத்தவருக்கு அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அதற்கும் கெஞ்ச வேண்டியிருந்தது.

ஜூலை 29
கொழுந்தனார் மகள் வந்திருந்தாள், உளவியல் படிக்கிறவள். 1966இல் லெர்னர், சிம்மன்ஸ் என்று இருவர் செய்த சோதனையைச் சொன்னாள். ஒரு பெண்ணுக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதாகக் காட்டி மாணவிகளைப் பார்க்க வைத்தார்களாம். அது நடிப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. அவள் வேதனை இன்னும் தொடரும், நம்மால் தடுக்க முடியாது என்று நினைத்தவர்கள் கடைசியில் அவளையே மட்டமாக மதிப்பிட்டார்களாம். "அவ மேல ஏதோ தப்புன்னு நினைச்சாத்தான் பெரியம்மா, நமக்கு நடக்காதுன்னு தைரியமா இருக்க முடியும்."

அக்காவும் அதே முக்கைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறார்கள். அவர்களுக்கும் பயம்தானே.

ஆகஸ்ட் 1
பார்சல் கொண்டுவந்த பையன் பின்னாலேயே வண்டியை நிறுத்தினான். கத்திவிட்டேன். தெருவே கூடிவிட்டது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் என்னக்கா பண்ணினேன்?" என்றான். என் பாப்பா வயதை விட நாலைந்துதான் கூட இருக்கும். ராத்திரி பாப்பாவும் அதையே கேட்டாள். "டியூஷனை நிறுத்துறதுக்கு நான் என்னம்மா பண்ணினேன்?"

ஆகஸ்ட் 3
ஆடி 18. தெருவில் எல்லோரும் தாலிக்கயிறு மாற்றினார்கள். என்னுடையது பதினான்கு நாள் கயிறு. அத்தை அதையும் மாற்றினார்கள்.

விளக்கு இன்னும் எரியவில்லை. டியூஷன் டீச்சருக்கு நாளைக்குப் போன் செய்ய வேண்டும்.