எட்டாவது நகர்த்தல்

மதியம் மகளுக்காகச் சதுரங்கப் பலகையை விரித்து, 1997 மே 11 அன்று நியூயார்க்கில் ஐபிஎம்மின் சதுரங்கக் கணினி டீப் புளூவும் உலகச் சாம்பியன் காஸ்பரோவும் ஆடிய ஆறாவது ஆட்டத்தை நகர்த்திக் காட்டினேன்.

எட்டாவது நகர்த்தல். வெள்ளைக் குதிரை ஒரு சிப்பாய்க்காகத் தன்னையே கொடுக்கிறது.

"கம்ப்யூட்டரே யோசிச்சதாப்பா?" என்றாள்.

இல்லை. மனிதர்கள் முன்பே பதிந்து வைத்த தொடக்க ஆட்டத் தொகுப்பில் அது இருந்தது. நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசிய இயந்திரம்தான். ஆனால் அந்தக் குதிரையை வெட்டக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தது மனிதர்கள்.

மனிதர்களின் அந்த முன்தயாரிப்புதான் எனக்குப் பெரிய விஷயம்.

1995இல் ஹாங்காங்கில் டீப் புளூவின் முன்மாதிரி, சாதாரண பிசியில் ஓடிய ஃப்ரிட்ஸ் என்ற சதுரங்க மென்பொருளிடம் தோற்றது. 1996இல் பிலடெல்பியாவில் காஸ்பரோவ் 4-2 என்று வென்றார். சரி, அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின் அதனுடன் ஆடி ஆடி, எங்கே தப்பாக மதிப்பிடுகிறது என்று சொல்லச் சொல்ல, அதை உருவாக்கிய ஷூவும் கேம்பலும் ஹோனும் திருத்திக்கொண்டே இருந்தார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும் அதற்கு!

அந்த ஆறாவது ஆட்டம் 19 நகர்த்தலில் காஸ்பரோவின் தோல்வியோடு முடிந்தது.

மகள் குதிரையை எடுத்து மறுபடி அதே கட்டத்தில் வைத்தாள்.

"இதை டைப் பண்ணப்போ அவங்களுக்குக் கை நடுங்கியிருக்கும்ல?"